இலையுதிர் காலத்தில் ஒரே ஜன்னல்: வீட்டுக்குள் குடும்பப் படங்கள், அவற்றை வைக்க ஒரு சுவர்த் தட்டு

#1 · தளிர்

வணக்கம் நண்பர்களே. பொழுது சீக்கிரம் சாய ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் வெளியே ஓடுகிற நேரம் குறைந்து, படம் வரைவது, பொம்மை அடுக்குவது, பொறுக்கி வந்த இலைகளை ஒட்டுவது என்று கூடத்திலேயே இருக்கிறார்கள். இந்தப் பருவத்தை ஒழுங்காகப் படம் எடுத்து, பிரின்ட் போட்டு, சுவரில் வைக்க வேண்டும்.

இருப்பது இவ்வளவுதான்: கூடத்தில் ஒரே ஜன்னல், 1.2 மீட்டர் அகலம், அதே உயரம். சட்டத்தின் ஓரமாகக் குளிர்காற்று வருகிறது. கேமரா ஃபுல் ஃபிரேம், லென்ஸ் 50 மி.மீ. எஃப் 1.8, அது போக ஒரு கைபேசி. படங்கள் மங்கலாகவும் மஞ்சளாகவும் வருகின்றன.

எதை முதலில் தொடங்குவது? மங்கலுக்கும் மஞ்சளுக்கும் என்ன வழி? ஃபிரேம்களை ஆணி அடிக்காமல் சாய்த்து வைக்க ஒரு மரத்தட்டு வீட்டிலேயே செய்ய என்ன அளவு?

#2 · நிழல்வெளி

தளிர், எல்லாவற்றையும் ஜன்னலில் இருந்து தொடங்குங்கள். அதுதான் உங்கள் ஸ்டூடியோ விளக்கு. கண்ணாடி கழுவுவது, காற்று அடைப்பது இரண்டும் இந்த வாரமே முடியட்டும். குளிர் ஏறிவிட்டால் பசை ஒட்டாது. இழைப்புளி ஐயா அந்தப் பக்கத்தைச் சொல்லட்டும், நான் படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் எந்த மங்கல் என்று கண்டுபிடியுங்கள். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பின்னால் இருக்கிற நாற்காலி கூர்மையாக இருந்து, பிள்ளையின் கை மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்த மங்கல். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்தது. மூக்கு கூர்மையாக இருந்து கண் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தவறியது. ஸ்டெபிலைசர் இரண்டாவதை மட்டும்தான் தடுக்கும். வீட்டுக்குள் எடுக்கிற பிள்ளைகள் படத்தில் பத்துக்கு எட்டு முதல் வகையாகத்தான் இருக்கும், அதற்கு ஷட்டர் வேகம் ஒன்றே மருந்து.

உட்கார்ந்து புத்தகம் பார்க்கிற பிள்ளைக்கு 1/125 விநாடி. கை வேலை செய்கிற பிள்ளைக்கு 1/200 அல்லது 1/250. குதிக்கிற, இலையை வாரி வீசுகிற பிள்ளைக்கு 1/500-க்குக் குறையாமல். கேமராவை மேனுவலில் வைத்து ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் ஏற ஏறத் திறப்பு சின்னதாகும்) எஃப் 2.8, ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணர்கிற அளவு) மட்டும் ஆட்டோ, உச்சவரம்பு 6400 என்று வைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 3200-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 800-ல் இருட்டாக எடுத்து, அப்புறம் கணினியில் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏற்றினால் லாபம் எதுவும் இல்லை. ஜேபெக் கோப்பாக இருந்தால் நிழல் பகுதி அழுக்காகி, தோல் நிறமும் கெட்டுவிடும்.

மஞ்சளுக்குக் காரணம் விளக்கு மட்டும் இல்லை, கலப்பு. வீட்டு பல்பு சுமார் 2700 முதல் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு, எண் குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீலம்). மேகமூட்ட ஜன்னல் வெளிச்சம் 6500 பக்கம். ஒரு கன்னத்தில் இது, மறு கன்னத்தில் அது விழுந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற நிறத் திருத்தம்) இரண்டையும் சேர்த்துச் சரி செய்யாது. பகலில் கூடத்து விளக்கு அத்தனையையும் அணையுங்கள். கண்ணுக்கு இருட்டாகத் தெரியும், படத்துக்கு நல்லது.

அடுத்தது தூரம். 1.2 மீட்டர் சதுர ஜன்னலுக்கு நேர் எதிரே 1 மீட்டரில் கிடைக்கிற வெளிச்சம், 2 மீட்டர் தள்ளிப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அங்கே ஐஎஸ்ஓ 800 போதும் என்றால் இங்கே 2400 வேண்டும். வரைகிற மேசையையே ஜன்னலில் இருந்து 60 செ.மீ. முதல் 1 மீட்டருக்குள் நகர்த்திப் போடுங்கள். ஜன்னல் பிள்ளையின் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். கண்ணுக்குள் ஜன்னலின் வெள்ளைச் சதுரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முகம் உயிரோடு இருக்கும்.

#3 · இழைப்புளி

ஜன்னல் வேலைக்கு வருகிறேன்.

கண்ணாடியை வெயில் நேராக விழாத நேரத்தில் கழுவுங்க. 5 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் நாலைந்து சொட்டு போதும். கூடப் போட்டால் கோடு கோடாகக் காயும். ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துணியில் துடைக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் இது படத்துக்கும் முக்கியம். சூரியன் தாழ்வாக வரும்போது தூசிப் படலம் அப்படியே வெள்ளையாக எரியும்.

காற்று எங்கே வருகிறது என்று தெரியாமல் டேப் வாங்காதீங்க. ஒரு தாள் துண்டை ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடுங்க. இழுத்தால் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கு. சுற்றிலும் 20 செ.மீ.க்கு ஒரு இடம் இப்படிப் பாருங்க. காற்று அடிக்கிற நாளில் ஊதுபத்தியைச் சட்டத்தோரம் மெதுவாகக் கொண்டு போனால் புகை சாய்கிற இடம் சொல்லிவிடும். திரைச்சீலையை முதலில் கழற்றிவிடுங்க.

கதவு மூடுகிற இடத்துக்கு ஈபிடிஎம் ரப்பர் பட்டை. 1 முதல் 3 மி.மீ. இடைவெளிக்குத் தட்டையான, ஆங்கில E எழுத்து வடிவம், 2 முதல் 5 மி.மீ. வரை P எழுத்து வடிவம். மலிவான ஸ்பாஞ்ச் டேப் ஒரு குளிர்காலத்திலேயே நசுங்கித் தட்டையாகிவிடும், அதை நம்ப வேண்டாம். பழைய பசையைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு ஒட்டணும். மேற்பரப்பு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் பிடிக்காது. நிழல்வெளி அவசரப்படுத்தினதுக்குக் காரணம் அதுதான்.

ஒட்டும்போது இழுத்து ஒட்டக் கூடாது. ரப்பர் சில நாளில் தன் அளவுக்குச் சுருங்கி, மூலையில் விரல் நுழைகிற சந்து விட்டுவிடும். மூலைக்கு 2 மி.மீ. கூடுதலாக வெட்டி, அழுத்திச் சேருங்க. ஒட்டின பிறகு தாழ்ப்பாள் போடக் கஷ்டமாக இருந்தால் பட்டை தடிமன் அதிகம். பலத்தை வைத்து மூடினால் கீல்தான் தளரும்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற அசையாத வெடிப்புக்கு உள்பக்கம் அக்ரிலிக் சீலன்ட், மேலே பெயின்ட் ஏறும். வெளிப்பக்கம் மழை படுவதால் சிலிக்கோன், அதில் பெயின்ட் நிற்காது. 6 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் முதலில் ஃபோம் கயிறு திணித்து, அதன் மேல் சீலன்ட். இல்லையென்றால் உள்ளே இறங்கி நடுவில் பிளந்துவிடும்.

இரண்டை மட்டும் அடைக்கவே கூடாது. சட்டத்தின் அடியில் இருக்கிற சின்ன வடிகால் துளை அடைபட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும். இன்னொன்று காற்றோட்டத் துவாரம். கேஸ், மரம், மண்ணெண்ணெய் என்று எதையாவது எரித்துச் சூடாக்குகிற வீடாக இருந்தால் அது உயிர் விஷயம். கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்காமல் வீட்டை இறுக்கி மூடாதீங்க.

#4 · தளிர்

ரொம்ப நன்றி. தாள் சோதனையில் கீல் பக்கம்தான் தளர்வாக இருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. அண்ணனும் தங்கையும் சேர்ந்து இருக்கிற படத்தில் ஒருவர் முகம் கூர்மை, ஒருவர் மங்கல். அப்புறம், மதியத்துக்குப் பிறகு வெயில் நேராக உள்ளே வந்து பாதி முகம் வெள்ளையாகப் போய்விடுகிறது. கோடையில் இப்படி வரவில்லை.

#5 · நிழல்வெளி

முதல் கேள்விக்கு விடை ஃபோகஸ் ஆழம். உங்கள் 50 மி.மீ. லென்ஸில், 1.5 மீட்டர் தூரத்தில், எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக இருக்கிற ஆழம் சுமார் 10 செ.மீ. எஃப் 2.8-ல் 15 செ.மீ., எஃப் 4-ல் 22 செ.மீ. ஒருவர் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் எட்டிப் பார்த்தாலே இரண்டு முகத்துக்கும் 20 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். ஒருவருக்கு எஃப் 2 அல்லது 2.8, இருவருக்கு எஃப் 4, மூவர் என்றால் எஃப் 5.6, கொஞ்சம் பின்னாலும் நகருங்கள். அப்பர்ச்சரைக் குறுக்க மனமில்லை என்றால் இருவரையும் ஜன்னலுக்கு இணையாக ஒரே வரிசையில் உட்கார வைத்து, கேமராவை அந்த வரிசைக்கு நேராகப் பிடியுங்கள். கண் ஃபோகஸ் வசதி இருந்தாலும் கேமரா ஒரு கண்ணைத்தான் தேர்ந்தெடுக்கும். அதனால் முன்னால் இருப்பவர் கண்ணில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, வானத்தின் கணக்கு. வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23, தென் அரைக்கோளத்தில் மார்ச் 20 அல்லது 21 இலையுதிர் சம இரவு நாள், அதாவது பகலும் இரவும் ஏறக்குறைய சமமான நாள். அன்று நண்பகல் சூரியனின் உயரம் 90-இல் இருந்து உங்கள் அட்சரேகையைக் கழித்தால் வருவது. 45 டிகிரி அட்சரேகையில் அது 45 டிகிரி. மூன்று மாதத்தில் 23.4 டிகிரி இறங்கி, சுமார் 21.6 டிகிரிக்கு வந்துவிடும். தரையில் இருந்து 2 மீட்டர் உயரத்தில் ஜன்னலின் மேல் விளிம்பு இருந்தால், சம இரவு நாளில் வெயில் 2 மீட்டர்தான் உள்ளே விழும். பருவத்தின் கடைசியில் 5 மீட்டர். கோடையில் ஜன்னலடியில் நின்ற வெயில் இப்போது மேசைக்கே வருவது இதனால்தான்.

வெயில் நேராக விழுகிற நேரத்தில் வெள்ளைத் துணியைத் திரையாகப் போடுங்கள். நிறமே இல்லாத மெல்லிய பருத்தி, மஸ்லின் என்றால் இன்னும் நல்லது. 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சம் போகும், ஆனால் ஜன்னல் முழுக்க ஒரே மென்மையான விளக்காகிவிடும். கிரீம் நிறத் திரை தோலை மஞ்சளாக்கும், பச்சைத் திரை நோயாளி மாதிரி காட்டும். கையில் இருக்கிற படுக்கை விரிப்பு வெள்ளையாக இருந்தால் அதுவே போதும். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டித் தொங்க விடாமல் 15, 20 செ.மீ. உள்ளே தள்ளித் தொங்க விட்டால் சட்டத்தின் நிழல் கோடுகளும் மறையும்.

#6 · அரைத்திரை

கைபேசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கேமரா அலமாரியில் இருக்கும்போது கையில் இருப்பது அதுதான்.

லென்ஸை முதலில் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ்தான் ஜன்னலைச் சுற்றி வருகிற புகைமூட்டத்துக்குப் பாதிக் காரணம். 1 எக்ஸ் கேமராவை மட்டும் பயன்படுத்துங்கள். பெரிய சென்சார் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அகலக் கோணத்துக்கும் 2 எக்ஸுக்கும் போனால் வெளிச்சம் குறைந்த அறையில் பல கைபேசிகளில் படம் குழையும். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல ஃபிரேம்களை அடுக்கிச் சேர்க்கிறது, சில நேரம் ஒரு விநாடிக்கும் மேல். அசையாத அறைக்கு நல்லது, பிள்ளைக்கு இரண்டு காது முளைக்கும்.

முகத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அதே இடத்தில் விரலைக் கீழே இழுத்து, நெற்றியில் வெள்ளை மின்னுவது போகும் வரை குறையுங்கள். நிழலைப் பிறகு கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது.

விளக்கு இல்லாமல் முடியாத மாலை நேரத்தில் படத்தில் கிடைக்கோடு பட்டை பட்டையாக வந்தால் எல்இடி துடிப்புதான் காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120 வையுங்கள். கேமராவில் சைலன்ட் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினாலும் பெரும்பாலும் தணியும்.

#7 · பகலவன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஒரு ஃபிளாஷ் போட்டால் முடிந்தது.

#8 · நிழல்வெளி

பகலவன், ஃபிளாஷ் தவறில்லை, நேராக அடிப்பதுதான் தவறு. கேமராவின் மேல் இருக்கிற சின்ன விளக்கு முகத்தைத் தட்டையாக்கி, பின்சுவரில் கூர்மையான நிழல் போடும், கண் சிவக்கும். தலையைத் திருப்பக்கூடிய ஃபிளாஷாக இருந்தால் வெள்ளைக் கூரையைப் பார்த்து, கொஞ்சம் பின்னால் சாய்த்துத் திருப்புங்கள். கூரை 2.5 மீட்டருக்குள் இருந்தால் எஃப் 4, ஐஎஸ்ஓ 800, 1/160-ல் டிடிஎல் (கேமராவே ஃபிளாஷின் அளவை முடிவு செய்கிற வசதி) தாராளமாகச் சமாளிக்கும். மரக்கூரையோ நிறச் சுவரோ என்றால் அந்த நிறமே முகத்தில் இறங்கும், அங்கே வேண்டாம்.

ஆனால் பகலில் ஜன்னல் இருக்கும்போது என் ஓட்டு ஜன்னலுக்குத்தான். பிள்ளைகள் ஃபிளாஷ் மின்னிய நிமிடமே கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கத்தரிக்கோலை எப்படிப் பிடித்தார்கள், பசையில் ஒட்டிக்கொண்ட விரலை எப்படிப் பார்த்தார்கள் என்பது போய்விடும். பல வருடம் கழித்துத் தேடப்போவது அந்த விரலைத்தான்.

நிழல் பக்கம் கறுத்துப் போகிறது என்றால் ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற பலகை) செய்யுங்கள். 5 மி.மீ. வெள்ளை ஃபோம் போர்டு இரண்டு, ஒவ்வொன்றும் 50×75 செ.மீ. நீளப் பக்கங்களைச் சேர்த்து வைத்து, 3 மி.மீ. இடைவெளி விட்டு, முழு நீளத்துக்கும் துணி டேப் ஒட்டுங்கள். இடைவெளி விடாவிட்டால் மடியாது. புத்தகம் மாதிரி விரித்து நிறுத்தினால் தானாக நிற்கும், ஆள் பிடிக்க வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், முகத்தில் இருந்து 50 முதல் 80 செ.மீ. தூரத்தில், படத்தில் விழாமல் வையுங்கள். 50-க்குள் கொண்டு வந்தால் நிழலே இல்லாமல் தட்டையாகும். பின்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டால், வெள்ளைச் சுவர் அறையில் நிழலை ஆழமாக்கவும் அதே போர்டு உதவும்.

#9 · பகலவன்

அலுமினியம் ஃபாயில் ஒட்டினால் இன்னும் வெளிச்சம் வருமே?

#10 · நிழல்வெளி

வரும். ஆனால் முகத்தில் திட்டுத் திட்டாக விழும், பிள்ளை கண்ணைச் சுருக்கும். கசக்கி விரித்து, மங்கலான பக்கம் வெளியே வரும்படி ஒட்டினால் கொஞ்சம் தணியும். மேகமூட்டமான நாளில், 1.5 மீட்டருக்கு அப்பால் வைக்க மட்டும் ஃபாயில். அருகில் வைக்க வெள்ளைதான்.

#11 · தூரிகை

இலை ஒட்டுகிறார்கள் என்று தளிர் எழுதியிருந்ததால் ஒரு குறிப்பு. ஈரமாகப் பொறுக்கி வந்த இலையை நேராகத் தாளில் ஒட்டினால் சில நாளில் சுருண்டு பழுப்பாகிவிடும். துடைத்து, உறிஞ்சுகிற தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்கள். முதல் இரண்டு நாள் தாளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். ஒன்று, இரண்டு வாரத்தில் காயும். காம்பு தடிமனான இலையில் காம்பை மட்டும் பிளேடால் நீளவாக்கில் பாதியாகச் சீவினால் சமமாக அழுந்தும், அதைப் பெரியவர்கள் செய்யுங்கள். மஞ்சள் நன்றாக நிற்கும், சிவப்பு வெயில் பட்டால் வெளுக்கும்.

வெளியே போய் மரத்தடியில் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஃபிரேம் முழுக்க மஞ்சள் இலை இருந்தால் கேமரா அதை விளக்கின் மஞ்சள் என்று நினைத்து நீலம் கலந்து கெடுக்கும். டேலைட், சுமார் 5200 முதல் 5500 கெல்வின் என்று பூட்டுங்கள். மேகமூட்டத்தில் 6000. மழை விட்ட பிறகு இலையின் மேல் வெள்ளைப் பளபளப்பு நிறத்தை மூடும், போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் அது விலகும். விலை 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சம், அதனால் ஓடுகிற பிள்ளையை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

குளிரில் இருந்து உள்ளே வரும்போது கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிய பிறகு வீட்டுக்குள் நுழையுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும், ஈரம் பைக்கு வெளியே படியும். மெமரி கார்டை எடுக்கிற அவசரத்தில் அங்கேயே திறந்தால் சென்சார் வரைக்கும் பனித்துவிடும்.

#12 · இழைப்புளி

இப்போ தட்டு. 900 மி.மீ. நீளத்துக்கு எழுதுகிறேன். 30×40 செ.மீ. ஃபிரேம் இரண்டு இடிக்காமல் நிற்கும், நடுவில் சின்னது ஒன்றை முன்னால் சாய்க்கலாம்.

வேண்டியது 18 மி.மீ. தடிமன் பைன் பலகை. அடிப்பலகை 90 மி.மீ. அகலம், பின்பலகை 90 மி.மீ., முன்தடுப்பு 40 மி.மீ. மூன்றும் ஒரே நீளம். கடையில் வெட்டித் தந்தாலும், மூன்றையும் சேர்த்து நிறுத்தி நீளம் சமமா என்று பாருங்க. பலகையை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் முறுக்கு தெரியும். முறுக்கு இருந்தால் விட்டுவிடுங்க, ஸ்க்ரூ போட்டு நிமிர்த்த முடியாது.

வாங்கின அன்றே வேலை ஆரம்பிக்க வேண்டாம். ஹீட்டர் ஓட ஆரம்பித்தால் அறையின் ஈரப்பதம் இறங்கும், மரமும் ஈரத்தை விடும். 90 மி.மீ. பலகையின் ஈரம் 4 சதவீதம் குறைந்தால் அகலத்தில் கிட்டத்தட்ட 1 மி.மீ. சுருங்கலாம். தட்டு நிற்கப்போகிற அறையிலேயே, அடியில் குச்சி கொடுத்து, ஒரு வாரம் படுக்க வையுங்க. நீளத்தில் சுருக்கம் கவனிக்கிற அளவுக்கு இருக்காது.

சேர்ப்பு: பின்பலகை நிமிர்ந்து நிற்கும். அடிப்பலகையின் பின்விளிம்பு அதன் முகத்தில் போய் முட்டும், இரண்டின் அடியும் சமம். முன்தடுப்பு அடிப்பலகையின் முன்விளிம்பில், அதுவும் அடி சமமாக. அப்போது தடுப்பு தட்டுக்கு மேலே 22 மி.மீ. எழும்பி நிற்கும். அதற்கு மேல் உயர்த்தினால் படத்தின் அடியே மறைந்துவிடும், 15-க்குக் குறைந்தால் ஃபிரேம் வழுக்கும்.

வெள்ளை மரப்பசையை ஒரு விளிம்பில் மெல்லிசாக ஓட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கிளாம்ப் போடுங்க. பின்பலகையின் பின்னால் இருந்து 4×40 ஸ்க்ரூ, 200 மி.மீ.க்கு ஒன்று, இரண்டு முனையிலும் 40 மி.மீ. தள்ளி. ஒவ்வொன்றுக்கும் முதலில் 3 மி.மீ. பிட்டால் துளை போடணும். போடாமல் இறக்கினால் முனையில் பைன் நிச்சயம் பிளக்கும். முன்தடுப்புக்குப் பசையும் 30 மி.மீ. மெல்லிய தலையில்லா ஆணியும் போதும், ஆணித்தலையை 2 மி.மீ. உள்ளே தள்ளி மரப்பட்டி (துளை அடைக்கிற புட்டி) வையுங்க. வழிகிற பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்க. காய்ந்த பசையின் மேல் சாயம் ஏறாது, வெள்ளைத் திட்டாக நிற்கும். கிளாம்ப் ஒரு மணி நேரம், முழு பலம் வர 24 மணி நேரம். குளிர் கராஜில் ஒட்டாதீங்க. 10 டிகிரிக்குக் கீழே பசை சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, தட்டினால் பிரியும். தண்ணீர் கலந்த பெயின்டுக்கும் இதே கதைதான்.

உப்புத்தாள் 120, பிறகு 180, மர இழை ஓடுகிற திசையில் மட்டும். இந்த வேலை பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், சின்ன மரக்கட்டையில் தாளைச் சுற்றிக் கையில் கொடுங்க, முகமூடியோடு. பைனில் கணு இருக்கிற இடத்தில் பிசின் கசிந்து பெயின்ட் மேல் மஞ்சளாக வரும், அங்கே ஷெல்லாக் சீலர் ஒரு பூச்சு. பிறகு பிரைமர், 180-ல் லேசான தேய்ப்பு, இரண்டு கோட் பெயின்ட்.

#13 · தளிர்

மிக்க நன்றி ஐயா. சுவரில் மாட்டுவதுதான் பயமாக இருக்கிறது. செங்கல் சுவர், பூச்சு 15 மி.மீ. இருக்கும். அதே சுவரில் ஒரு சுவிட்ச் போர்டும் இருக்கிறது.

#14 · இழைப்புளி

சுவிட்சுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளையே போடாதீங்க. வயர் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஓடும். வயர் டிடெக்டர் வைத்துப் பாருங்க, துளை போடும்போது அந்த சர்க்யூட்டின் எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) இறக்கிவிட்டு, டிரில்லுக்கு வேறு சர்க்யூட்டில் இருந்து மின்சாரம் எடுங்க.

பின்பலகையில் மூன்று துளை, இரண்டு முனையிலும் 50 மி.மீ. தள்ளி, ஒன்று நடுவில். அடிப்பலகைக்கு 45 மி.மீ. மேலே. ஃபிரேம் வைத்தால் ஸ்க்ரூத் தலை மறைந்துவிடும். ஸ்க்ரூ 5×60, பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் வைக்கிற உறை) 8×40. கணக்கு இதுதான்: 60-இல் 18 பலகைக்குப் போகும், மீதி 42 பிளக்கின் முழு நீளத்துக்கும் வரும். பிளக்கில் 15 மி.மீ. பூச்சில், 25 செங்கலில். பூச்சில் மட்டும் நிற்கிற பிளக் ஒரு நாள் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வரும்.

8 மி.மீ. கான்கிரீட் பிட்டில் 50 மி.மீ. அளவுக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்க. குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. பூச்சு கடக்கும் வரை சாதாரணச் சுழற்சி, செங்கல் வந்ததும் ஹாமர். துளைத் தூசியை உறிஞ்சி எடுத்த பிறகே பிளக், தூசி இருந்தால் பிளக்கே சுழலும். மூன்று துளையையும் ஒரே நேரத்தில் குறிக்காதீங்க. ஒரு முனையை மட்டும் போட்டுத் தளர்வாக மாட்டி, ரசமட்டத்தைத் தட்டின் மேல் வைத்து, மறுமுனையைக் குறியுங்க. கடைசியில் நடுத்துளை.

உயரம்: நிற்கிறவர்கள் பார்க்கிற படத்தின் நடு, தரையில் இருந்து 145 முதல் 150 செ.மீ. ஃபிரேம் உயரம் 40 என்றால் தட்டின் மேல்பரப்பு 125-130. பிள்ளைகளும் பார்க்கணும் என்றால் இரண்டாவது தட்டை அதற்கு 50 செ.மீ. கீழே போடுங்க, கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போட்ட ஃபிரேம் அங்கே. பிளாஸ்டர்போர்டு சுவராக இருக்கிறவர்கள் இந்தப் பிளக்கைப் போட வேண்டாம். உள்ளே நிற்கிற மரச்சட்டத்தை (ஸ்டட்) தேடிப் பிடித்து மரத்துக்கே ஸ்க்ரூ இறக்குங்க. இடைவெளி பெரும்பாலும் 400 அல்லது 600 மி.மீ.

#15 · அரைத்திரை

பிரின்ட் போடுவதற்கு முன்னால் விகிதத்தைப் பாருங்கள். கைபேசி 4:3, கேமரா 3:2. 4×6 அங்குலத் தாள் 3:2, 8×10 தாள் 5:4. கேமரா படத்தை 8×10-ல் கொடுத்தால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும், ஓரத்தில் நிற்கிற பாட்டியின் தோள்தான் முதலில் போகும். நீங்களே கிராப் செய்து அனுப்புங்கள், கடையின் தானியங்கிக்கு விடாதீர்கள்.

300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) கணக்கில் 4×6-க்கு 1200×1800 பிக்சல், 8×10-க்கு 2400×3000, ஏ4-க்கு 2480×3508. கூடத்துச் சுவரில் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 200 பிபிஐ இருந்தாலும் குறை தெரியாது. கோப்பின் நிற வகை எஸ்ஆர்ஜிபி.

"பிரின்ட் இருட்டாக வந்தது" என்பது அச்சின் தவறாக அரிதாகத்தான் இருக்கும். திரை மிகப் பிரகாசமாக இருக்கிறது என்று அர்த்தம். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் வரை இறக்குங்கள். அதன் பிறகே படத்தைத் திருத்துங்கள். முதலில் 4×6-ல் ஒன்றே ஒன்று மாதிரி போட்டுப் பார்த்து, அப்புறம் பெரியது.

தாள் மேட் (பளபளப்பு இல்லாதது) அல்லது லஸ்டர் (அரைப் பளபளப்பு). கிளாஸி வேண்டாம், ஜன்னல் இருக்கிற அறையில் அது கண்ணாடியாகத்தான் வேலை செய்யும்.

#16 · தூரிகை

படம் கண்ணாடியைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறி இறங்கும்போது பிரின்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. அமிலம் இல்லாத மவுன்ட் அட்டை நடுவில் இருக்க வேண்டும், ஒன்றரை மி.மீ. இருந்தால் போதும். பிரின்டை அட்டையில் நாலு பக்கமும் ஒட்டாதீர்கள். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டித் தொங்க விட்டால்தான் தாள் விரிந்து சுருங்கும்போது அலை விழாது. சாதாரண செலோடேப் சில வருடத்தில் மஞ்சளாகிக் கறை ஊறும், காகித ஹிஞ்ச் டேப் வாங்குங்கள்.

#17 · தளிர்

தட்டு போடப்போவது ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரா, ஜன்னல் இருக்கிற அதே சுவரா என்று முடிவாகவில்லை. நேர் எதிர்ச் சுவரில் மாலை வெயில் விழும். ஜன்னல் சுவர் வெளிச்சுவர்.

#18 · நிழல்வெளி

எதிர்ச்சுவர் வேண்டாம். உங்கள் ஜன்னல் வழியே விழுகிற வெயில், பருவம் போகப் போக இன்னும் உள்ளே வரும், நேர்வெயில் நிறத்தை உண்டுவிடும். டை மை (கரைந்த சாயம்) பிரின்ட் என்றால் சீக்கிரமே நிறம் மாறி வெளுக்கும், பிக்மென்ட் மை (நிறத்தூள்) கூடுதலாகத் தாங்கும், அதுவும் நேர்வெயிலில் இல்லை. பக்கச்சுவர் ஒன்று இருந்தால் அதுதான் சரியான இடம். வெளிச்சம் சாய்வாக வரும், கண்ணாடியில் ஜன்னலும் தெரியாது. ஒரு நாள் வெயில் நகர்வதைப் பார்த்து, எட்டும் இடத்தில் எல்லாம் மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் அது எவ்வளவு உள்ளே வரும் என்பதை மேலே சொன்ன கோணக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம்.

#19 · இழைப்புளி

பக்கச்சுவருக்கே என் ஓட்டும். வெளிச்சுவர்தான் வாய்த்தது என்றால் ஃபிரேமின் பின்னால் மேல் இரண்டு மூலையில் 5 மி.மீ. ஃபெல்ட் பொட்டு ஒட்டுங்க. குளிர்ந்த சுவரை ஒட்டி நிற்கிற ஃபிரேமுக்குப் பின்னால் காற்று ஓடாமல் ஈரம் படிந்து, பின் அட்டையில் பூஞ்சை வரும். அறை ஈரப்பதம் 40-இல் இருந்து 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும், ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதமானி) தட்டின் ஓரத்திலேயே வையுங்க. ஜன்னலை இப்போ இறுக்கி அடைத்திருக்கீங்க, அதனால் சமையல், துணி உலர்த்தல் ஈரம் முன்பு மாதிரி தானாக வெளியேறாது. காலையில் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் கோர்த்தால் பத்து நிமிடம் ஜன்னலை முழுசாகத் திறந்து மூடுங்க. சட்டத்தின் அடியில் தேங்கின தண்ணீரைத் துடைத்துவிடுங்க, ரப்பர் பட்டையின் பசை முதலில் கழல்வது அங்கேதான்.